பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும். 2024இல் 91.55 சதவீதத் தேர்ச்சி, 2025இல் 93.80. எந்த மாவட்டம் முதலிடம், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் நூற்றுக்கு நூறு என்ற கணக்கெல்லாம் அன்று மாலைக்குள் வந்துவிடும். பள்ளி மதில்களில் ஃபிளெக்ஸ் பேனர் ஏறும். இந்தக் கணக்கு முழுவதும் தேர்வு எழுதியவர்களிலிருந்து தொடங்குகிறது. தேர்வறைவரை வந்து சேராத பிள்ளை அதில் ஓர் எண்ணாகக்கூட இல்லை. அந்தப் பிள்ளையைத் தேடிப் பின்னோக்கிப் போனால் பல சமயம் ஒன்பதாம் வகுப்பில்தான் போய் நிற்போம். பொதுத்தேர்வு கிடையாது, பத்திரிகையில் முடிவு வராது, கல்வி அதிகாரியின் ஆய்வுக் கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. பள்ளிக்கூடமே கொஞ்சம் கண்ணயர்ந்து இருக்கும் வகுப்பு அது.

பதின்பருவப் பிள்ளைகளுக்கு உதவுவது பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு நடக்கிறது. தேர்வு பயத்தைப் போக்கும் முகாம்கள், பத்தாம் வகுப்புக்குக் காலை ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸ், பன்னிரண்டுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்ற வழிகாட்டிக் கூட்டங்கள். இவை அனைத்தும் வாசலைத் தாண்டி வந்துவிட்டவர்களுக்கானவை. ஒரு பிள்ளை பள்ளியோடு ஒட்டி நிற்குமா, மெல்ல விலகிப் போகுமா என்பது அதற்கு முன்பே, எட்டிலிருந்து ஒன்பதுக்குக் காலெடுத்து வைக்கும் அந்த ஓராண்டில் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான் என்பதற்கு வலுவான ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன. அவற்றைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தின் அன்றாடத்தோடு சேர்த்துப் படிப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பொருந்தும். எட்டாம் வகுப்போடு அதன் எல்லை முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகளோடு, தடை செய்கிறது. 14 முடிந்துவிட்டால் ஆபத்தான தொழில்கள் மட்டுமே கூடாது. ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டமும் எட்டாம் வகுப்புவரைதான் பணம் தருகிறது. தமிழ்நாடு 1984இலேயே 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் சத்துணவை விரிவாக்கியதால் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புவரை பள்ளியில் சாப்பிடுகிறார்கள். அது பெரிய காரியம். அதை விட்டுவிட்டுப் பார்த்தால், பிள்ளையைச் சுற்றி அரசு கட்டிய வேலி 14 வயதில் ஒரே நேரத்தில் பல இடங்களில் திறந்துகொள்கிறது.

இதோடு கட்டடமும் மாறுகிறது. நம் ஊர்ப்புறங்களில் நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். டி.சி. வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கோ மேல்நிலைப் பள்ளிக்கோ போக வேண்டும். எட்டு வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட டீச்சர்கள் இனி இல்லை. புதுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்து வந்தவர்கள் முதல் மூன்று பெஞ்சுகளைப் பிடித்திருப்பார்கள். வந்து சேர்ந்தவர்கள் கடைசி பெஞ்சு. காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். தவறவிட்டால் அன்றைக்குப் பள்ளி இல்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் கழன்றுகொள்கிறார்கள் என்பது டெல்லிக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவதைத் தடுக்கத்தான் 2008இல் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பில் தேர்வெழுதி வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நல்ல திட்டம், ஆனால் தேர்வில் வெல்லும் பிள்ளைக்கு மட்டும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். கழன்றுகொள்ளும் நிலையில் இருப்பவர் அந்தத் தேர்வில் வெல்வது அபூர்வம்.

வேலி திறக்கும் அதே வயதில் உடம்பும் மனமும் வேறாகின்றன. மிச்சிகனில் பள்ளி மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஜாக்குலின் எக்கிள்ஸ் 1993இல் தன் சகாக்களோடு எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படை வாசிப்பு. பதின்பருவத்தின் தொடக்கத்தில் பிள்ளைகளின் ஆர்வமும் தன்னம்பிக்கையும் சரிவதைப் பலரும் வயதுக்கோளாறு என்று தள்ளிவிட்டார்கள். எக்கிள்ஸ் பள்ளியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். தானே முடிவெடுக்க வேண்டும் என்று பிள்ளை விரும்பத் தொடங்கும் நேரத்தில் பள்ளி கட்டுப்பாட்டை இறுக்குகிறது. பெற்றோரல்லாத ஒரு பெரியவரின் நெருக்கம் தேவைப்படும் நேரத்தில் ஆசிரியர் உறவு நாற்பது நிமிடப் பீரியட்களாகத் துண்டாகிவிடுகிறது. பிறர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்ற கூச்சம் உச்சத்தில் இருக்கும்போது மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடுவது கூடுகிறது. வயதுக்கும் சூழலுக்கும் பொருத்தமில்லாமல் போவதுதான் சரிவுக்கு முக்கியக் காரணம் என்பது அவர் முடிவு. எல்லார் முன்னிலையிலும் மதிப்பெண்ணை வாசித்து விடைத்தாளைக் கொடுக்கும் வழக்கம் உள்ள எந்த வகுப்பறைக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

தூக்கத்தைப் பற்றி மேரி கார்ஸ்காடன் செய்த ஆய்வுகளும் இங்கே முக்கியம். பூப்படையும் பருவத்தில் மெலடோனின் சுரக்கும் நேரம் இரவில் தள்ளிப்போகிறது. அந்த வயதில் சீக்கிரம் தூக்கம் வராதது சோம்பலோ திமிரோ அல்ல. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், இந்த வயதினருக்கான பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றே சொன்னது. நம் ஊரில் ஏழு மணி ஸ்பெஷல் கிளாசுக்கு ஐந்தரைக்கு எழுந்து வரும் பிள்ளை முதல் பீரியடில் கண் சொருகினால் வாசலில் நிற்க வைக்கிறோம்.

நண்பர் வட்டம் பற்றி ஒரு சோதனை. 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரை ஒரு கார் ஓட்டும் வீடியோ விளையாட்டில் உட்கார வைத்தார்கள். தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதினர் பெரியவர்களிலிருந்து அவ்வளவாக வேறுபடவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது அவர்கள் துணிந்த அபாயம் வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் யார் நின்றாலும் பெரிய மாற்றமில்லை. ஆகவே ஒரு பதினான்கு வயதுப் பையனைத் திருத்தப் போகிறவர் அவனை அவன் கூட்டாளிகள் முன்னிலையில் திட்டினால் வேலை கெட்டுவிடும். அந்த நேரத்தில் அவன் பதில் சொல்வது ஆசிரியருக்கல்ல.

இவையெல்லாம் பின்னணி. ஒன்பதாம் வகுப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நேரடிச் சான்று சிகாகோவிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டில் முடியும். அங்கும் பிள்ளைகள் ஒன்பதில் புதுப் பள்ளிக்கு வருகிறார்கள், வயதும் ஏறக்குறைய இதேதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோ நகரத்தின் அரசுப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் படிப்பை முடித்தார்கள். வறுமை, குடும்பச் சிதைவு, தெருச் சண்டை என்று பள்ளிக்கு வெளியே உள்ள காரணங்களையே எல்லாரும் சொன்னார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பைச் சேர்ந்த எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் எளிது: ஒன்பதாம் வகுப்பு முடிவில், மேலே போகத் தேவையான அளவு பாடங்களை முடித்திருக்க வேண்டும், முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த நிலையில் இருந்த பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் நான்கு ஆண்டுகளில் பள்ளியை முடித்தார்கள். இந்த நிலையிலிருந்து நழுவியவர்களில் முடித்தவர்கள் 22 சதவீதம்.

வியப்பு அதோடு நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் யார் நழுவுவார்கள் என்பதை எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியுமா என்று அவர்கள் 2007இல் பார்த்தார்கள். முடிந்தது, ஆனால் கொஞ்சம்தான். வருகைப் பதிவு அதைவிடப் பல மடங்கு துல்லியமாகச் சொன்னது. எட்டாம் வகுப்பில் முன்வரிசை மதிப்பெண் வாங்கிவிட்டு ஒன்பதில் ஒரு பருவத்துக்கு இரண்டு வாரம் விடுப்பு எடுத்த பிள்ளைகள், கடைசி வரிசை மதிப்பெண்ணோடு வந்து ஒரே ஒரு வாரம் மட்டும் விடுப்பு எடுத்தவர்களைவிட அதிகமாகத் தோற்றார்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்குக்குச் சற்றுக் கூடுதல். நம் பள்ளியில் அதை விடுப்பு என்று யாரும் பேசக்கூட மாட்டார்கள்.

சிகாகோ இதை வைத்து என்ன செய்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. பெரிய சீர்திருத்தம் எதையும் அறிவிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வருகையும் மதிப்பெண்ணும் சில வாரங்களுக்கு ஒருமுறை தலைமையாசிரியர் மேசைக்கு வரும்படி செய்தார்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, பெயர் பெயராகப் பேசினார்கள். யார் இரண்டு நாள் வரவில்லை, யார் எந்தப் பாடத்தில் விழப் போகிறார், யார் போன் பண்ணுவது, யார் மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது. 2007இல் 57 சதவீதமாக இருந்த அந்த அளவுகோல் 2013இல் 82 சதவீதமானது. ஆசிரியர்கள் சும்மா பாஸ் போட்டுவிட்டார்களோ என்ற சந்தேகம் நியாயமாகவே எழுந்தது. மெலிசா ரோடெரிக்கும் சகாக்களும் 2014இல் அதைச் சோதித்தார்கள். தோல்வி விளிம்பில் இருந்தவர்களோடு நடுத்தரம், மேல்தரம் என்று எல்லா மட்டத்திலும் மதிப்பெண்கள் ஏறியிருந்தன; முதலில் முன்னேறிய பள்ளிகளில் மூன்று ஆண்டு கழித்துப் படிப்பை முடித்தவர்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. தெருவும் வீடும் வறுமையும் அப்படியே இருக்க, பள்ளிக்குள் நடந்த கவனிப்பு மட்டும் மாறியதால் கிடைத்த பலன் இது. பிள்ளை படிப்பை நிறுத்துவதற்கு வீட்டு நிலைமையைக் காரணம் காட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய கருவி ஏற்கெனவே இருக்கிறது. கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஒவ்வொரு நாளும் வருகை பதிவாகிறது. பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் பெயர் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகிறது. அதற்குப் பிறகு இடைநின்றவர்களைத் தேடி வீடு வீடாகப் போகிறோம். தேடிப் போகும் ஆசிரியர்களின் உழைப்பு மரியாதைக்குரியது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் விடும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. காமன் பூலுக்குப் போன பெயரைத் திரும்பக் கொண்டுவருவது கடினம், இரண்டாவது நாள் விடுப்பில் பிடிப்பது எளிது.

வட மாவட்டம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்பாசிரியர் எனக்குத் தன் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். ஒரு பையனின் வரிசையில் விடுப்புகள் சிதறிக் கிடந்தன. பார்த்தால் ஒழுங்கே இல்லை. அவர் பக்கத்தில் தினசரிக் காலண்டரை வைத்தார். ஆவணியில் வளர்பிறை முகூர்த்தத்தன்று விடுப்பு, அடுத்த முகூர்த்தத்துக்கும் விடுப்பு. ஆடி மாதம் முழுவதும், மார்கழி முழுவதும் ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறான். கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷனுக்குப் பரிமாறும் வேலை. ஒரு ராத்திரிக்கு 500 ரூபாய், சாப்பாடு தனி. ஆசிரியர் அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

“ஏம்மா, பையன் நேத்து ஏன் வரல?”

“ராத்திரி ஒரு மணிக்குத்தான் சார் வந்தான். அசந்து தூங்குறான், எழுப்ப மனசு வரல.”

“தூங்கட்டும்மா. பத்தரைக்காவது அனுப்பி வைங்க. முதல் பீரியட் சாருகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

இந்தப் பேச்சில் நான் மதிப்பது, அவர் வேலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை என்பதை. சொன்னால் அந்த 500 ரூபாயை யார் கொடுப்பது? முழு நாள் விடுப்பைச் சற்று நேரத் தாமதமாக மாற்றினார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பேரங்களால்தான் நடக்கிறது. இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். பதிவேட்டைப் படிக்க நேரமும், முதல் பீரியட் சாரிடம் சொல்லிக்கொள்ளும் அதிகாரமும் அந்த வகுப்பாசிரியருக்கு வேண்டும்.

அந்தப் பையனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் அவன் சம்பாதிக்கிற பிள்ளை. மண்டபத்தில் அவனை நம்பி ஒரு பந்தியையே விடுகிறார்கள். வகுப்பறையில் அவன் மெல்லக் கற்போர் பட்டியலில் ஒரு பெயர். எந்த இடத்தில் அவன் நிற்க விரும்புவான்? டேவிட் யேகர் முதலான ஆய்வாளர்கள் சொல்வது இதுதான்: பதின்பருவத்தினருக்கான அறிவுரைத் திட்டங்கள் தோற்பதற்கு முக்கியக் காரணம், அவை பிள்ளைகளைச் சின்னக் குழந்தைகளாக நடத்துவது. மதிப்போடு நடத்தப்படுகிறோமா என்பதை அந்த வயது மற்ற எதையும்விடக் கூர்மையாகக் கவனிக்கிறது. யேகர் தலைமையில் அமெரிக்கா முழுவதும் ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. அறிவு பயிற்சியால் வளரும் என்பதை விளக்கும், மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம். அதுவே பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண்ணைச் சற்று உயர்த்தியது. ஏற்றம் சிறியது. கடினமான கணக்கை முயன்று பார்ப்பது கேலிக்குரியதாக இல்லாத பள்ளிகளில் பலன் கூடுதல். எழுந்து தப்பான விடை சொன்னவனைப் பார்த்து வகுப்பு சிரிக்கிறதா என்பதைப் பொறுத்து மற்றதெல்லாம் அமைகிறது.

வருகையும் மதிப்பும் சரியாக இருந்தாலும், பாடம் புரியாத பிள்ளை எத்தனை நாள் உட்கார்ந்திருக்கும்? இதுதான் ஒன்பதாம் வகுப்பின் கடினமான பகுதி. தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கணமொழியில் தொடங்கி, மெய்யெண்கள், இயற்கணிதம், வடிவியல் என்று போகிறது. இயற்கணிதத்தில் பல்லுறுப்புக்கோவை வகுத்தல், மீதித் தேற்றம், தொகுமுறை வகுத்தல். கெழுக்களை வரிசையாக எழுதி, பெருக்கி, கூட்டிக்கொண்டே போகும் அழகான முறை. ஆனால் அதைக் கரும்பலகையில் பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சாதாரண எண்களை வகுக்கத் தெரியும்? ஏசர் அமைப்பு 2023இல் 14 முதல் 18 வயதினரிடையே 26 மாநிலங்களின் 28 கிராமப்புற மாவட்டங்களில் ஆய்வு நடத்தியது. தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர் சேர்ந்திருந்தது. மொத்தத்தில் மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதம். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வட்டார மொழியில் தடையின்றி வாசிக்க முடியாதவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 14 வயதில் பள்ளியில் இல்லாதவர்கள் 3.9 சதவீதம், 18 வயதில் 32.6. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவேதான் ஒன்பதாம் வகுப்பு இருக்கிறது.

2025-26இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவர்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். நான்காம் வகுப்பு முழுவதும் வீட்டில் கழிந்தது. 2021 நவம்பர் 1 அன்று கீழ் வகுப்புகள் திறந்தபோது ஐந்தாம் வகுப்பில் பாதி ஆண்டு போயிருந்தது. வகுத்தலும் பின்னமும் ஊன்ற வேண்டிய காலம் அது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆய்வு, 2021 டிசம்பரில் கண்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் காட்டியது. ஊர்த் தன்னார்வலர்கள் தெருவில் பாய் விரித்து நடத்திய வகுப்புகளின் சாதனை அது. மீளாத மூன்றில் ஒரு பங்கு யாரிடம் தங்கியது என்பதை இப்போது மேல்வகுப்புகளில் பார்க்கலாம்.

இந்த இடைவெளி தானாக மூடுவதில்லை, விரிகிறது. டெல்லியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து முரளிதரன், சிங், அலெஹாந்த்ரோ கணிமியான் நடத்திய ஆய்வில், ஆறாம் வகுப்பில் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதில் அது நாலரை வகுப்பு. பையில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம், கையில் நாலாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அதே ஆய்வு நம்பிக்கையும் தருகிறது: ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கும் படியிலிருந்தே கணினி வழியாகவும் சிறு குழுவாகவும் கற்பித்தபோது, நாலரை மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் நல்ல முன்னேற்றம். அடித்தளத்தில் பின்தங்கியவர்களும் அதே அளவு முன்னேறினார்கள். பதினான்கு வயது என்பது வகுத்தல் கற்றுக்கொள்ளக் காலம் கடந்த வயதல்ல. எதிரே தங்கை படிக்கும் புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் கற்க மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் 340 இலைக்கு எத்தனை வரிசை என்று கேட்டால் அந்தப் பரிமாறும் பையன் வகுத்துச் சொல்லிவிடுவான். அங்கிருந்து தாளுக்குக் கொண்டுவருவது ஆசிரியரின் திறமை.

அந்தத் திறமையுள்ள ஆசிரியர் ஒன்பதாம் வகுப்புக்குக் கிடைக்கிறாரா? இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2015இல் பதினொன்று முதல் பதினான்கு வயதுவரையிலான வகுப்புகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டுகள் வீணாகின்றனவா என்பதே அதன் தலைப்பில் இருந்த கேள்வி. நேர்காணலில் பேசிய பள்ளித் தலைவர்களில் 85 சதவீதத்தினர், பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு முதலில் ஆசிரியர்களை ஒதுக்கிவிட்டு மீதமிருப்பவர்களையே இந்த வகுப்புகளுக்குத் தருவதாகச் சொன்னார்கள். நம் பள்ளிகளிலும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் அனுபவசாலிகள், ஒன்பதுக்கு யார் மிச்சமோ அவர். பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று வந்தால் ஒன்பதாம் வகுப்பின் பீரியட்கள்தான் முதலில் காணாமல் போகும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு, அதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டுவதற்காக, ஒன்பதிலேயே தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும் என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா கைகட்டி நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். பேனரில் 100 ஏறுகிறது. தேர்ச்சி விகிதத்தைக் கணக்கிடும்போது, இரண்டு ஆண்டுக்கு முன் எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று பத்து தேறினார்கள் என்ற எண்ணையும் சேர்த்து வெளியிட்டால் இந்தப் பழக்கம் ஒரே ஆண்டில் அடங்கும். தரவு எமிஸில் இருக்கிறது.

பெண் பிள்ளைகளின் நிலைமை இதிலிருந்து கொஞ்சம் வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன் திருமணம் ஆனவர்கள். பள்ளி தூரமாவதும், வயதுக்கு வந்த பிறகு தனியாக அனுப்பப் பயப்படுவதும் ஒரே நேரத்தில் நேர்கின்றன. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய அரசுத் திட்டங்கள் இரண்டும் கல்லூரியில் சேர்ந்ததும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. அவற்றால் பயன் உண்டு. ஆனால் பதினான்கு வயதுக்கு நான்கு வருடம் என்பது வெகுதூரம். அந்த வயதின் மனம் கிட்டத்தில் இருப்பதைத்தான் எடைபோடும். அடுத்த முகூர்த்தத்தின் 500 ரூபாய் கிட்டத்தில் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? எனக்கு எழுத்து வாசனை இல்லையே, நான் எப்படிப் பிள்ளைக்கு உதவுவேன் என்று பல தாய்மார்கள் கூசுகிறார்கள். சிகாகோ ஆய்வு அவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். இயற்கணிதம் சொல்லிக் கொடுப்பதைவிட, ஒரு நாளும் விடாமல் அனுப்புவது பெரிது. அதற்குப் படிப்பு தேவையில்லை. தூக்கத்துக்கு வழிசெய்வது, போனை ராத்திரி சமையலறையில் வைத்துவிடுவது, வகுப்பாசிரியரின் பெயரைத் தெரிந்துவைத்து, குறை எதுவும் இல்லாத நாளிலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது. கூட இருக்கும் பையன்களின் பெயரைத் தெரிந்துகொள்வதும் உதவும். ரேங்க் என்ன என்று கேட்பதைவிட இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேட்டால் பேச்சு வளரும். திடீரென்று பேச்சு குறைந்து, பழைய கூட்டாளிகளை விட்டு, சாப்பாடும் தூக்கமும் கெட்டு இரண்டு வாரம் நீடித்தால் அதைப் பருவக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதத்தினரிடம் மனநலச் சிக்கலைக் கண்டது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098இலும் பேசலாம்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. நான் அதை வரவேற்கிறேன். மூன்று ஆண்டு தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு எழுதுவது எந்தப் பிள்ளைக்கும் சுமை. ஆனால் 2017-18இல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்குச் சொன்ன காரணம், பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே பன்னிரண்டுக்குத் தாவின என்பது. தேர்வு போனால் கவனமும் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு இந்த நிலையில் நெடுங்காலமாக இருக்கிறது. தேர்வைத் திணிக்காமலே கவனத்தைக் கொண்டுவரச் சில ஏற்பாடுகள் போதும். ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியர் அதே பிள்ளைகளோடு பத்துக்கும் போகட்டும். நடுநிலைப் பள்ளியிலிருந்து டி.சி.யோடு ஒரு பக்கக் குறிப்பு வரட்டும்: எதில் கெட்டி, எங்கே தடுமாறும், வீட்டில் யார் பொறுப்பு, எந்த பஸ். ஜூன் மாதத்தின் முதல் நான்கு வாரம் கணமொழியைத் தொடாமல் வகுத்தலும் வாசிப்பும் நடக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த வகுப்பு ஆசிரியர்கள் ஒரு பீரியட் உட்கார்ந்து பெயர் பெயராகப் பேச, கால அட்டவணையிலேயே இடம் விடட்டும். அந்த அட்டவணையைத் தலைமையாசிரியர்கள் மே மாதம் போடுவார்கள். பத்தாம் வகுப்பு முடிவுகளும் அப்போதுதான் வரும். அதைப் பார்த்து முடித்த கையோடு, ஒன்பது ‘பி’ பிரிவுக்கு வகுப்பாசிரியர் யார் என்ற கட்டத்தில் பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியரின் பெயரை முதலில் எழுத வேண்டும்.